டோப்பா முதலையின் வால்

உரித்து, ஊற வைத்து, பதனிட்டு, கறுப்புச் சாயம் ஏற்றி, பளபளவென்று அனுப்பி வைத்த தோலுக்குத் திரும்பவும் வால் முளைக்க வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு ஒரே கம்பெனியில், ஒரே பஸ்ஸில், பெரும்பாலும் பக்கத்து சீட்டில் குப்பை கொட்டும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பாக்கியம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது கேட்டிருந்தால் வேறு வார்த்தை சொல்லியிருப்பேன். அதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. எந்த ஆர்டருக்கு எவ்வளவு தோல் வேண்டும், வந்த தோலில் எத்தனை ஜோடி தேறும், லோடு என்றைக்குப் போகும் என்று பார்ப்பது என் வேலை. அவர் தோல் செக்கிங்கில் இருந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு தோலையும் மேஜைமேல் விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கீறல், ஆறிப்போன புண்ணின் தழும்பு என்று எங்கெல்லாம் பழுது தெரிகிறதோ அங்கெல்லாம் வெள்ளி நிறப் பேனாவால் வட்டம் போட வேண்டும். கட்டிங் செக்ஷனில் அந்த வட்டத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வெட்டிக்கொள்வார்கள். அந்தப் பேனாவுக்கு எங்கள் பக்கத்தில் சில்வர் பென் என்று பெயர். நாளடைவில் பேனாவின் பெயர் மனிதருக்கும் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் வேறு என்னமோ பெயர் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவர் சில்வர். எனக்கு சில்வர் அண்ணன்.

ஐம்பது தாண்டிய மனிதர். மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. இந்த வயதில் மனிதர்கள் சர்க்கரை, கொழுப்பு, மருமகன் என்று பேச வேண்டாமா? சில்வர் அண்ணன் கார்ட்டூன் பேசுவார். குடியாத்தத்தில் நான் ஏறும் கம்பெனி பஸ்ஸில் பேரணாம்பட்டில் அவர் ஏறுவார். உட்கார்ந்ததும் போனை எடுத்து, முழுச் சத்தத்தில், தமிழில் பேசும் குழந்தைகள் சேனலைப் போடுவார். இயர்போன் வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் அதை நேர்த்தியாகச் சுருட்டி, பஸ் டிரைவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

"தனியா பாத்தா இன்னாம்மா சந்தோஷம்? நாலு பேரு சேந்து சிரிக்கணும்."

நாங்கள் நாலு பேரும் தூங்க வேண்டும் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

அந்தக் கார்ட்டூன்களில் வரும் ஜீவன்கள் எல்லாம் இன்று எனக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டன. ரயில் ஓட்டும் யானை ஒன்று உண்டு. யாராவது பிளாட்பாரத்தில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டால் ரயிலைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து கொடுக்கும். இருட்டைக் கண்டால் அலறும் ஆந்தை ஒன்று. இவர்களுக்கெல்லாம் தலைவர், அண்ணனின் உயிருக்குயிரான டோப்பா முதலை. தனக்கு மட்டும்தான் வழுக்கை என்று நினைத்து வெட்கப்பட்டு, டோப்பா வைத்துக்கொண்டு திரியும் முதலை. பொய் சொன்னால் டோப்பா பறந்துவிடும். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரிப்பார். பல சமயம் என் தொடையில் இருக்கும் டிபன் பாக்ஸையும்.

சிரித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. எல்லோரையும் பிடித்து வைத்து ஒரு கேள்வி கேட்பார்.

"ஒரு நாள் முழுக்க ஒரு கார்ட்டூன் கூட இருக்கலாம்னா, நீ யாரு கூட இருப்ப?"

புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவன், வாள் சுழற்றும் ஏதோ ஒரு வீரனைச் சொன்னான். அண்ணன் அவனை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்.

"அவன் கூட உக்காந்து ஒரு டீ குடிக்க முடியுமா? வாளை எங்க வெப்பான்?"

அந்தப் பையன் அன்று மதியம் சாப்பிடவில்லை. வாளை எங்கே வைப்பான் என்று யோசித்துக்கொண்டே இருந்தான்.

முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவது கேள்வி தயாராக இருக்கும். "சின்ன வயசுல இன்னா வளத்த? நாயா, பூனையா?" இதற்குப் பதில் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். அன்றோடு உங்கள் பெயர் போயிற்று. மனிதர்களின் பெயர் அவர் தலையில் நிற்காது. அவர்கள் வளர்த்த பிராணியின் பெயர் மட்டும் சாகும்வரை மறக்காது. கட்டிங் செக்ஷனில் மூத்தவரான அஸ்லம் பாய் சின்ன வயதில் சுல்தான் என்று ஒரு கிடா வளர்த்தார். அவர் சுல்தான் பாய் ஆனார். பாய்க்கு அதில் பெருமைதான். எல்லோருக்கும் அப்படிக் கொடுத்து வைக்குமா?

எங்கள் மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். மீசை முறுக்கிய மனிதர். அவர் குரல் கேட்டால் தையல் மெஷின்கள் தானாக நிற்கும். ஓர் ஆயுத பூஜையன்று, கையில் பொரியும் மனதில் கொஞ்சம் ஈரமுமாக அவர் நின்றிருந்த வேளையில் அண்ணன் போய்க் கேட்டுவிட்டார். மனிதர் ஏமாந்து, பொன்னம்மா என்று ஒரு கோழி வளர்த்ததையும், அதற்கு இடது கால் நொண்டும் என்பதையும், பள்ளிக்கூட வாசல் வரை கூடவே வரும் என்பதையும் சொல்லித் தொலைத்துவிட்டார்.

மறுநாள் காலை, ஐந்நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அண்ணன் சல்யூட் அடித்தார். "குட் மார்னிங், பொன்னம்மா சார்!"

மெமோ கொடுத்தார்கள். "தேங்க்ஸ் பொன்னம்மா சார்" என்று வாங்கிக்கொண்டார். சென்னையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு வழிகாட்டும்போது, "பொன்னம்மா சார் உள்ள இருக்காரு, போங்க" என்று அனுப்பி வைத்தார். அந்த இன்ஸ்பெக்டர் இரண்டு நாளும் மேனேஜரை மரியாதையாக மிஸ்டர் பொன்னம்மா என்றே அழைத்தார். அதற்கு அப்புறம் எந்த மெமோவாலும் அதைத் திருத்த முடியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீடு. நடு வீட்டில் தறி. தறியில் பாவு, சுவரோரம் கூடை கூடையாக நூல். நாயோ பூனையோ உள்ளே நுழைந்து ஒரு புரட்டுப் புரட்டினால் ஒரு வாரப் பிழைப்பு சிக்கலாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் எந்த ஜீவனும் வளர்ந்ததில்லை, பிள்ளைகளான நாங்கள் தவிர. இதைச் சொன்னதும் அண்ணன் நம்பவில்லை.

"கோழி?"

"இல்லண்ணா."

"புறா?"

"இல்ல."

"தொட்டியில ரெண்டு மீனு?"

"குடிக்கவே தண்ணி எப்பவோ ஒரு வாட்டிதான் வரும்ணா."

"ஒரு பல்லி கூடவா இல்ல?"

ஆளை விட்டால் போதும் என்று, பல்லி இருந்தது என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அது ஆணா பெண்ணா, வால் அறுந்தால் எத்தனை நாளில் முளைத்தது, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் சத்தம் அதற்குத் தெரியுமா, அதன் குணம் ஆந்தையோடு ஒத்துப்போகுமா ரயில் யானையோடு ஒத்துப்போகுமா என்று ஒரு வாரம் குடைந்தார். தாங்க முடியாமல் பல்லியே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஒரு குடும்பத்தில் இழவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆம்பூர் வரை வந்தார்.

அப்புறம் ஒரு நாள், பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டது. அந்த நாற்றத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த என்னிடம் அண்ணன் நூறாவது தடவையாக, "நல்லா யோசிச்சுப் பாரும்மா, ஏதாவது ஒண்ணு இருந்திருக்கும்" என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

"இருந்துதுண்ணா! ஒரு நாய்க்குட்டி! டீ கலர்ல, ஒரு காது மடங்கி, எங்க தெருமுனையில! எனக்குக் குடுக்கற பிஸ்கட்ல பாதி அதுக்குப் போடுவேன். வீட்டுக்கு எடுத்துனு வரட்டுமான்னு கேட்டதுக்கு எங்கப்பா, 'வேணாம் கண்ணு, பேரு கூட வெக்காத, பேரு வெச்சா வுட மனசு வராது'ன்னாரு. ஒரு நாள் போனேன், அது இல்ல. போதுமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணன் போனில் சத்தத்தை நிறுத்தினார். எங்கள் பஸ்ஸின் சரித்திரத்தில் அது முதல் தடவை. டோப்பா முதலை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

"அப்போ பேரு?" என்றார் மெதுவாக.

"இல்ல" என்றேன்.

இனியாவது விடுவார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்ட பெயர், பேரில்லாதம்மா. கேண்டீனில், ஆபீஸில், மைக்கில்கூட. "பேரில்லாதம்மா, உங்களுக்கு போன் வந்திருக்குது!" வேலைக்கு வந்த புதுப் பெண்கள், இந்த அம்மாவுக்கு அப்பா அம்மா பெயரே வைக்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று என்னைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அந்தக் குழந்தைகள் ஷூ ஆர்டரில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கறுப்பு நிற ஷூ. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவது. சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். இதற்கு முந்தைய ஆர்டரில், வட்டம் போட்ட பழுதையும் சேர்த்து யாரோ வெட்டிவிட, மொத்த லோடும் திரும்பி வந்திருந்தது. அதனால் மேனேஜர் கட்டிங் செக்ஷனில் பெரிய போர்டே மாட்டியிருந்தார். சில்வர் கோடு தெரியும் இடத்தில் கத்தி வைக்கக் கூடாது, வைத்தால் வேலை கிடையாது. இந்தத் தடவையும் லோடு போகவில்லை என்றால் பார்ட்டி கையைவிட்டுப் போய்விடும். "லோடு போகலைன்னா நீங்க போங்க" என்று எனக்கும் தனியாகச் சொல்லியிருந்தார். வீட்டில் தறி விற்றாகிவிட்டது. அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வழி கிடையாது.

வியாழக்கிழமை காலை தோல் தீர்ந்துவிட்டது. ஷூ முடியவில்லை. நான் போட்ட கணக்கை மூன்று தடவை திரும்பப் பார்த்தேன். கணக்கு சரி. வந்த தோலும் சரி. தோல் எங்கேதான் போயிற்று? தோல் அனுப்பிய மேல்விஷாரம் தொழிற்சாலைக்கு போன் போட்டு, குறைத்து அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அளந்து கரெக்ட்டா அனுப்பினோம் மேடம். அங்க உங்க கம்பெனியில தோலை எதுனா தின்னுதா?" என்றார் அந்த ஆள்.

தின்றதுதான். முதலை தின்றது.

கட்டிங் செக்ஷனுக்குப் போய், கழித்துப் போட்ட துண்டுகள் கிடக்கும் சாக்கைக் கொட்டினேன். முதலில் ஒரு யானை விழுந்தது. தும்பிக்கையோடு முழு யானை. அடுத்து ஆந்தை, இரண்டு சிறகையும் விரித்தபடி. அதற்கப்புறம் டோப்பா முதலை. ஒன்றல்ல, ஒரு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் என் கை நீளத்துக்கு வால். வால் நுனியில் ஒரு சுருள் வேறு.

நடந்தது இதுதான். அந்தத் தடவை வந்த தோலில் உண்ணிக் கடி ஜாஸ்தி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி தெரிந்தால் சாதாரண மனிதனுக்கு அது உண்ணிக் கடி. சில்வர் அண்ணனுக்கு அது கண். முன்பெல்லாம் வட்டத்துக்குள் ஒரு மூக்கு, ஒரு வாய் போடுவார், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். இந்த ஆர்டர் குழந்தைகளுக்கானது என்று தெரிந்ததும் மனிதருக்கு உற்சாகம் பீறிட்டுவிட்டது. காது போட்டார். உடம்பு போட்டார். வால் போட்டார். எல்லாம் சில்வர் கோட்டில். கட்டிங்கில் இருந்தவர்கள் போர்டைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், யானையை முழு யானையாக ஒதுக்கிவிட்டு வெட்டினார்கள்.

"இன்னா பாய் இது? பாத்தா பொம்மைன்னு தெரியல?" என்று அஸ்லம் பாயிடம் கத்தினேன்.

"தெரிஞ்சுது மேடம். ஆனா கோட்டுல கத்தி வெச்சா வேலை கெடையாதுன்னு போர்டு போட்டது உங்க ஆபீஸ்தான? முதலை வாலும் கோடுதான?"

சில்வர் அண்ணனிடம் போனேன். அவர் அடுத்த ஆர்டரின் பழுப்புத் தோல் ஒன்றில் ஏதோ ஒரு ஜீவனுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தார்.

"அண்ணா! கண்ணோட நிறுத்தினா ஆகாதா? வால் எதுக்குண்ணா?"

"வால் இல்லாம முதலையை எப்டிம்மா வுடறது? நல்லாவா இருக்கும்?"

"இது தோலுண்ணா!"

"அதுவும் ஒரு காலத்துல வாலோட சுத்தினதுதானம்மா" என்றார்.

தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் விஷயம் தெரிந்து மேனேஜரே இறங்கி வந்துவிட்டார். தரையில் பரப்பிக் கிடந்த மிருகக் காட்சிசாலையைப் பார்த்தார். மீசை துடித்தது. சத்தம் போட வாயைத் திறந்தவர், சட்டென்று குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அதில் ஒரு கோழி. இடது காலைக் கொஞ்சம் தூக்கியபடி நின்றிருந்தது. முன்னால் ஒரு பள்ளிக்கூட வாசல்.

"இது..." என்றார் மேனேஜர்.

"நீங்க சொன்னீங்களே சார், நொண்டும்னு."

மேனேஜர் கட்டைவிரலால் அந்தக் காலை ஒரு தடவை தடவினார். அப்புறம் அவருக்குப் பழைய குரல் திரும்பி வந்தது. "நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள மிச்ச ஷூவுக்கு வழி பண்ணணும். இல்லைன்னா ரெண்டு பேரும் கெளம்பிடுங்க!" என்று கத்திவிட்டுப் படியேறினார். கோழி அவர் கையிலேயே இருந்தது. "இது எவிடென்ஸ்" என்று மேலே இருந்து ஒரு விளக்கம் வந்தது.

அதே நிறத்தில் புதுத் தோல் பதனிட்டு வர எப்படியும் அடுத்த வாரம் ஆகும். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்ததால் அழவில்லை. அஸ்லம் பாய்தான் ஒரு முதலையை எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். ஷூவில் லேஸுக்கு அடியில் வரும் நாக்கை வெட்டும் சின்ன அச்சுக் கத்தியை அதன் வால்மேல் வைத்துப் பார்த்தார்.

"மேடம், இது கொழந்தைங்க ஷூ. நாக்கு சின்னதுதான? வால்லயே ரெண்டு வருது பாருங்க. பெரிய பீஸ் வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே வெட்டிட்டோம். நாக்கும் பின்பட்டியும்தான் கம்மி."

"உடம்பெல்லாம் சுத்தமான தோலும்மா" என்றார் சில்வர் அண்ணன் அவசரமாக. "கண்ணு மட்டும்தான் டேமேஜ்."

ஆக, தின்ற முதலைகளிடமிருந்தே தோலைப் பிடுங்குவது என்று முடிவாயிற்று. எது நிஜப் பழுது, எது பொம்மைக் கோடு என்பது வரைந்தவருக்குத்தான் தெரியும் என்பதால், அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். கோட்டை க்ளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். பாய் வெட்ட வேண்டும். எளிய வேலை. வேறு யாராக இருந்தாலும் மதியத்துக்குள் முடித்திருப்பார்கள்.

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் வழியனுப்பு விழா நடத்தினார். யானையை எடுத்தால் அது யாருடைய யானை என்று கதை. ஆந்தையை எடுத்தால், "இது தையல் செக்ஷன் பொண்ணு வளத்த கிளி மாதிரியே பயந்தாங்கொள்ளி சுல்தான் பாய், மெதுவா வெட்டுங்க." அப்போதுதான் கவனித்தேன், கார்ட்டூன்களுக்கு நடுவே நாங்கள் எல்லோரும் அவரிடம் சொன்ன ஆடுகளும் பூனைகளும் புறாக்களும் இருந்தன. சுல்தான் கிடாவும் இருந்தது. பாய் அதைப் பார்த்துக் கத்தியை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டு, அப்புறம் வெட்டினார்.

"பேஜார் பண்ணாதீங்க சில்வர் பாய், அடுத்ததைக் குடுங்க" என்றார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "க்ளீனர் நெடிம்மா" என்றார் என்னைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாக்கு காலி. எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு நாக்கு குறைந்தது. ஒரு ஜோடி குறைந்தாலும் பெட்டியை மூட மாட்டோம். மேனேஜர் அறைக்கு ஓடி, அந்தக் கோழியைக் கொடுங்கள் சார் என்றேன். மேஜை டிராயரைச் சாவி போட்டுப் பூட்டினார். "எவிடென்ஸைக் குடுக்க முடியாது" என்றார். ஏற்றுமதி ஒரு பக்கம், நொண்டிக் கோழி ஒரு பக்கம் என்றால் மனிதர் எந்தப் பக்கம் சாய்வார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்த அண்ணன், மெதுவாகத் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த ஒரு தோல் துண்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

ஒரு நாய்க்குட்டி. ஒரு காது மடங்கியிருந்தது. வாயில் பாதி பிஸ்கட்.

"உனக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். "பேரு தெரியல, அதான் முடிக்காம இருந்துது."

நான் அதைப் பார்த்தபடி நின்றேன். இத்தனை வருஷம் கழித்து அதை மறுபடி பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. மடிந்த காதுகூட சரியான பக்கத்தில்தான் மடிந்திருந்தது. கறுப்புத் தோலில் வரைந்ததுதான், ஆனாலும் எனக்கு அது டீ கலரில் தெரிந்தது. இந்த மனிதரை என்ன செய்வது? இரண்டு நாளாக என் உயிரை எடுத்துவிட்டு, கடைசியில் இதை எடுத்து நீட்டினால் நான் யாரிடம் போய்க் கோபப்படுவது?

"வேணாம்மா" என்றார் அவரே. "நான் போயி பொன்னம்மா சார் கால்ல வுழுறேன். கோழியை வாங்கினு வர்றேன்."

"வெட்டுங்க பாய்" என்றேன்.

பாய் கத்தியை எடுத்தார். அண்ணன் குறுக்கே கையை வைத்தார். "அப்போ பேராவது சொல்லு. பேரு இல்லாம அனுப்பக் கூடாது."

"அதான் பேரு இல்லன்னு சொன்னேனே!"

"இருக்கும்மா. கொழந்தை பிஸ்கட் போட்டு இருக்குது, பேரு வெக்காம இருந்திருக்குமா?"

"அண்ணா, மணி ஆகுது!"

"சொல்லும்மா."

"நூல்கண்டு!" என்று கத்திவிட்டேன். "நூல்கண்டு! போதுமா?"

அந்தப் பெயரை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, நாயிடம் சொன்னதோடு சரி. தெருமுனையில் அது சுருண்டு படுத்திருந்தால், எங்கள் வீட்டுக் கூடையில் இருக்கும் நூல்கண்டு மாதிரியே இருக்கும். நூல் இருப்பதால்தான் அது வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள். அதனால் அந்தப் பெயரையே அதற்கு வைத்தேன். அப்பா சொன்னது சரிதான். பேர் வைத்தால் விட மனசு வருவதில்லை.

சில்வர் அண்ணன் பேனாவை எடுத்தார். துண்டைத் திருப்பி, மறுபக்கத்தில், தன் வாழ்நாளிலேயே அழகான எழுத்தில் நூல்கண்டு என்று எழுதினார். அதன்பின் முன்பக்கத்துக் கோட்டைத் துடைத்தார். காதைக் கடைசியாகத் துடைத்தார். பாய் வெட்டினார். எழுத்து உள்பக்கம் இருந்ததால் அதன்மேல் லைனிங் வைத்துத் தைத்துவிட்டார்கள். சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்பியது. எந்த ஊரோ, எந்தப் பிள்ளையோ, என் நாய்க்குட்டியைப் பெயரோடு காலில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கும். இந்நேரம் அந்தப் பிள்ளைக்குக் கால் வளர்ந்து, ஷூவைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனாலும் நூல்கண்டு கொஞ்ச நாள் நன்றாக ஓடியிருக்கும்.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போகவில்லை. அண்ணனை மட்டும் தோல் பக்கமே வர விடாமல் சோல் ஸ்டோருக்கு மாற்றினார்கள், ரப்பரில் சில்வர் பென் சரியாக எழுதாது என்ற தைரியத்தில். சாக்பீஸ் எழுதும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. எவிடென்ஸ் இன்றும் மேனேஜரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

போன வருஷம் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்குத்தான் ஓய்வு கிடைக்கவில்லை. வாரம் முழுக்க பஸ்ஸில் இப்போது நிம்மதியாகத் தூங்கலாம். என்ன காரணமோ, தூக்கம் வருவதில்லை. இருக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் அசந்து படுத்திருந்தால், விடிந்தும் விடியாமல் போன் அடிக்கும். எடுத்தால் பின்னணியில் யாருடைய டோப்பாவோ பறக்கும் சத்தம் கேட்கும். உடனே டிவியைப் போடச் சொல்லி அவசரப்படுத்துவார். அதற்கு முன்னால் தவறாமல் ஒரு கேள்வி.

"யாரு, நூல்கண்டா பேசறது?"

நான் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.

"ஆமாண்ணா. நூல்கண்டுதான் பேசறேன்."